கேமரா மாட்டியதும் பார்த்துக்கொள்ளும் அக்கா நின்றுவிடுவேன் என்றால்

வணக்கம் சகோ. பக்கவாதத்தில் படுத்திருக்கும் அம்மாவுக்காகத் தண்டையார்பேட்டை வீட்டில் கேமரா மாட்டினீர்கள், அவரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா வேலையை விட்டு நின்றுவிடுவேன் என்கிறார். அவர் கோபம் நியாயம்தான். உடம்பு துடைப்பது, டயபர் மாற்றுவது எல்லாம் அங்கேதான். நம்ம பக்கத்து வீடுகளில் தனியறை ஏது? அம்மாவுக்கும் கூச்சம் இருக்கும். கேமராவை வாசல் பக்கம் திருப்புங்கள். துடைக்கும் நேரத்தில் அக்காவே அதைத் துணி போட்டு மூடட்டும்.

ஏர் பெட் (மோட்டாரில் காற்று நிரப்பும் மெத்தை) வாங்கியாச்சே, இன்னும் எதற்கு அம்மாவைப் புரட்ட வேண்டும் என்று அக்கா கேட்கிறாராம். ஏர் பெட் அழுத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றத்தான் வேண்டும். குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதியைத் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தும்போது வெளுக்கவில்லையென்றால் படுக்கைப் புண் ஆரம்பம். அங்கே தேய்க்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். கரண்ட் போனால் காற்று இறங்கும், மோட்டாரை இன்வெர்ட்டரில் மாட்டுங்கள்.

ஒற்றை ஆளாகப் புரட்டினால் அக்காவின் முதுகு போய்விடும். அடியில் மடித்த போர்வை போட்டு, நீங்கள் இருக்கும்போது இரண்டு பேராகத் தூக்கிப் புரட்டுங்கள். அப்புறம், தமிழக அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள், இலவசம். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.