சின்ன விமானம், பெரிய பாண்டு

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி, சின்ன ஊர்களுக்குப் பறக்கும் ப்ரொப்பெல்லர் விமானமான ஏடிஆரை ஓட்டுகிறவர்களிடமிருந்தும் ஓட்ட ஆசைப்படுகிறவர்களிடமிருந்தும் வந்தவை. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். மொத்தம் எத்தனை மணி பறந்திருக்கிறீர்கள், மெடிக்கல் (உடல்தகுதிச் சான்று) என்ன நிலை, பாண்டு (முன்னதாக விலகினால் பணம் கட்டவேண்டும் என்ற ஒப்பந்தம்) எத்தனை வருடம் என்று எழுதாமல் "என் எதிர்காலம் எப்படி சார்?" என்று கேட்டால் நான் ஜோசியரிடம்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

கேள்வி: ஏடிஆரில் சேர்ந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வாய், ஏர்பஸ் வரும்வரை காத்திரு என்கிறார்கள். சிபிஎல் (வணிக விமானி உரிமம்) முடித்து ஒன்றரை வருடமாக வீட்டில் இருக்கிறேன். (ஆர்.கே., திருச்சி)

பதில்: ஒன்றரை வருடம் வீட்டில் இருந்துவிட்டா இந்தச் சந்தேகம்? கையில் 200 மணி வைத்திருப்பவர் ப்ரொப்பெல்லரா ஜெட்டா என்று பார்க்கக்கூடாது. வேலை வந்தால் போங்கள். வருடத்துக்கு 700, 800 மணி கிடைத்தால் இரண்டு வருடத்தில், கேப்டன் ஆவதற்கான உரிமமான ஏடிபிஎல்லுக்கு வேண்டிய 1500 வந்துவிடும். எஞ்சின் சக்தியைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ த்ராட்டில் ஏடிஆரில் கிடையாது. 25,000 அடிக்கு மேல் ஏறாது என்பதால் ஜெட்காரர்கள் தாண்டிப்போகும் மேகத்துக்குள் நீங்கள் வழி தேடவேண்டும். அங்கே பழகிய கை வேறு எந்த விமானத்திலும் தடுமாறாது.

மாட்டிக்கொள்ளும் பயத்திலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஏடிஆர் 72 முழு பாரத்தோடு 23 டன். பெரிய விமானம் ஓட்ட ஆள் எடுப்பவர்கள் ஜெட் மணி எத்தனை என்றுதான் கேட்பார்கள். நிறுவனம் மாறி ஜெட்டுக்குப் போனால் டைப் ரேட்டிங் (ஒரு விமான ரகத்துக்கான தனிப் பயிற்சியும் அனுமதியும்) மறுபடி, சீனியாரிட்டி மறுபடி. இண்டிகோ மாதிரி ஏடிஆரும் ஏர்பஸ்ஸும் ஒரே வீட்டில் இருந்தால், எப்போது, எந்த அடிப்படையில் மாற்றுவார்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். இதைப் பல முறை சொல்லிவிட்டேன், இன்னும் சொல்வேன்.

கேள்வி: என் மகன் பிளஸ் டூ. பைலட் ஆக எவ்வளவு ஆகும்? எந்த ஸ்கூல் நல்லது? (ஒரு தந்தை, நாமக்கல்)

பதில்: பையன் இயற்பியல், கணிதம் படித்தாரா? கண் பரிசோதனை ஆனதா? ஒரு வரி எழுதவில்லை. முதலில் கிளாஸ் 2, அப்புறம் கிளாஸ் 1 மெடிக்கல் முடியட்டும். அதற்குமுன் எந்தப் பள்ளிக்கும் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். டைப் ரேட்டிங்கோடு சேர்த்து முக்கால் கோடியிலிருந்து ஒரு கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியின் பளபள புத்தகத்தைப் பார்க்கவேண்டாம். நேரில் போய் ஹேங்கரில் பறக்கும் நிலையில் எத்தனை விமானம், எத்தனை பயிற்சியாளர், போன வருடம் சேர்ந்தவர் இன்று எத்தனை மணி என்று கேளுங்கள். 2025-ல் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிட ஆரம்பித்தது. அந்த முதல் பட்டியலில் உச்சத் தரம் ஒரு பள்ளிக்கும் கிடைக்கவில்லை. அதற்குமேல் நான் என்ன சொல்ல?

கேள்வி: மாதம் 65 மணிதான் பறக்கிறேன். ஜெட்டில் இருக்கும் என் பேட்ச்மேட் 75 மணி பறந்தும் தெம்பாக இருக்கிறான். நான் மட்டும் ஏன் இப்படிச் சோர்ந்துபோகிறேன்? டாக்டரைப் பார்க்கவேண்டுமா? (ஏடிஆர் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி, கோவை)

பதில்: டாக்டரையும் பாருங்கள், தப்பில்லை. ஆனால் முதலில் ரோஸ்டரை, அதாவது பணி அட்டவணையைப் பாருங்கள். நமக்கு மணி என்பது பிளாக் ஹவர். சக்கரக்கட்டை எடுத்ததிலிருந்து மறுபடி வைக்கும்வரை. உங்கள் நண்பர் சென்னையிலிருந்து டெல்லி போய்த் திரும்பினால் இரண்டு டேக்ஆஃப், இரண்டு லேண்டிங், கணக்கில் ஐந்தரை மணிக்கு மேல். அதே ஐந்தரை மணிக்கு நீங்கள் சேலம், திருச்சி என்று ஒரே நாளில் ஐந்தாறு செக்டார், அதாவது ஐந்தாறு முறை ஏறி இறங்கி, ஓட்டியிருப்பீர்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் 25, 30 நிமிட டர்ன்அரவுண்ட். அந்த நேரத்தில் லோட் ஷீட் (பாரக் கணக்கு), எரிபொருள், அடுத்த செக்டாரின் வானிலை, விமானத்தைச் சுற்றி ஒரு நடை. இதற்கெல்லாம் பறக்கும் படியில் ஒரு பைசா கிடையாது. அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் வருவது பெரும்பாலும் பிளாக் ஹவர் கணக்குதான்.

மே மாத மதியம் இரண்டு மணிக்குச் சின்ன ஏர்போர்ட்டில் நின்றவருக்குத்தான் தெரியும். தரையில் நிற்கும்போது மின்சாரமும் ஏசியும் தரும் துணை எஞ்சினான ஏபியு ஏடிஆரில் இல்லை. வலது எஞ்சினின் ப்ரொப்பெல்லரைப் பிரேக் போட்டு நிறுத்தி, எஞ்சினை மட்டும் ஓடவிட்டு ஏசியும் மின்சாரமும் எடுப்போம். அதற்குப் பெயர் ஹோட்டல் மோட். ஹோட்டல் என்று யார் பெயர் வைத்தார்களோ! பின்காற்று அடித்தால் அதையும் போட முடியாது. சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ள, கண்ணாடி வழியே வெயில் முகத்தில் அடிக்க, இடது பக்கம் பயணிகள் ஏறிக்கொண்டிருப்பார்கள். இப்படி ஒரு நாளைக்கு ஐந்து முறை. இதில் சோர்வு வராமல் இருந்தால்தான் டாக்டரைப் பார்க்கவேண்டும்.

லேண்டிங் எண்ணிக்கை கூடக்கூட டியூட்டி நேரம் குறையவேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. ரோஸ்டர் போடுகிறவர் அதன் ஓரத்தில்தான் நிற்பார். சோர்வு இருந்தால் ஃபடீக் ரிப்போர்ட் எழுதுங்கள். வாட்ஸ்ஆப்பில் புலம்பினால் பதிவாகாது.

கேள்வி: புதிய ஓய்வு விதிகளால் எங்களுக்கு லாபமா? (ப.வெ., பெங்களூர்)

பதில்: வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆனது 2025 ஜூலையில். அது எல்லோருக்கும் லாபம். நவம்பரில் இரவு லேண்டிங்கை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தது ஜெட்காரர்களுக்குத்தான் பெரிய விஷயம். போதிய ஆள் இல்லாமல் டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ததும், டிஜிசிஏ தற்காலிகமாக விதியைத் தளர்த்தியதும் நீங்கள் பார்த்ததுதான். நம் சின்ன ஏர்போர்ட்டுகள் பலவற்றில் நடுராத்திரி லேண்டிங்கே கிடையாது. நமக்கு எதிரி அதிகாலை. நாலரை மணிக்கு ரிப்போர்ட்டிங் என்றால் இரண்டரைக்கு எழவேண்டும். இரவு என்பதை 12 முதல் 5 என்றிருந்ததை 6 வரை நீட்டியதில்தான் நமக்குக் கொஞ்சம் காற்று வருகிறது.

கேள்வி: நேபாள விபத்துக்குப் பிறகு ஏடிஆர் என்றாலே வீட்டில் பயப்படுகிறார்கள். (எஸ்.ஜே., நாகர்கோவில்)

பதில்: 2023 ஜனவரியில் பொக்காராவில் 72 பேர் இறந்தார்கள். இறக்கையின் ஃப்ளாப் லீவரை நகர்த்துவதற்குப் பதில் ப்ரொப்பெல்லரைக் கட்டுப்படுத்தும் கண்டிஷன் லீவர்களை நகர்த்தியதில் இரண்டு ப்ரொப்பெல்லரும் ஃபெதர் ஆயின, அதாவது இழுக்கும் சக்தியை இழந்தன. விமானத்தின் குறை அல்ல. கையை எதில் வைக்கிறோம் என்று கண் பார்க்கவேண்டும். அவ்வளவுதான்.

கேள்வி: ஏடிஆரில் இரண்டு வருடம், 1400 மணி. ஜெட் நிறுவனத்தில் ஆஃபர் வந்திருக்கிறது. பாண்டு மூன்று வருடம், நோட்டீஸ் ஆறு மாதம். பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது, சொல்லாமல் போய்விடு என்கிறார்கள் நண்பர்கள். (பெயர் வேண்டாம், ஹைதராபாத்)

பதில்: நண்பர்கள் நாளைக்கு வக்கீல் ஃபீஸ் கட்டுவார்களா? பாண்டின் நகலை அனுப்பவில்லை. டைப் ரேட்டிங் பணம் வங்கிக் கடனா, நிறுவனம் போட்டதா என்றும் எழுதவில்லை. இரண்டுக்கும் கதை வேறு. சரி, இருப்பதை வைத்துச் சொல்கிறேன்.

நோட்டீஸ் வேறு, பாண்டு வேறு. 2017-ல் டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு ஆறு மாதம், கமாண்டருக்கு (கேப்டனுக்கு) பன்னிரண்டு மாதம் நோட்டீஸ். பழைய இடத்திலிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) இல்லாமல் போனால் புது இடத்தில் சிக்கல். 2023-ல் ஆகாசா ஏர், நோட்டீஸ் காலம் முடிக்காமல் போன பைலட்டுகள்மீது பம்பாய் உயர்நீதிமன்றம் வரை போனது நினைவிருக்கட்டும். பாண்டு என்பது பணக்கணக்கு. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகைதான் உச்சவரம்பு, அதற்குள் நியாயமான இழப்பீடு கிடைக்கும். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் கட்டவேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆகவே 'நிற்காது' என்பது டீக்கடைச் சட்டம்.

இவ்வளவு சொன்ன பிறகு என் வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். கமாண்டர் போகவேண்டும் என்றால் ஒரு வருடம் முன்னால் சொல்லவேண்டும், பயணிகளுக்குத் தொந்தரவு வரக்கூடாதாம். நல்லது. கிங்ஃபிஷர் 2012-ல் நின்றபோது பைலட்டுக்கு எத்தனை மாத நோட்டீஸ் கொடுத்தார்கள்? ஜெட் ஏர்வேஸ் 2019-ல்? கோ ஃபர்ஸ்ட் 2023-ல்? சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் இருக்க, ஒருநாள் விமானம் பறக்கவில்லை, அவ்வளவுதான். ஒருபக்கம் மட்டும் பூட்டுகிற இந்தக் கதவைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பையன். தென் மாவட்டம், அப்பா பள்ளி ஆசிரியர். ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தான், பெயர் வேண்டாம். பிளஸ் டூ அசல் மார்க் ஷீட்டை வாங்கிக்கொண்டார்கள். தேதி போடாத காசோலைகள். டைப் ரேட்டிங் கடன் அவன் பெயரில், அப்பா ஜாமீன். லைன் ட்ரெயினிங் (பயணிகளோடு பறந்து பெறும் பயிற்சி) பாதியில் இருக்கும்போது நிறுவனம் நின்றது. விமானங்களைக் குத்தகைக்குக் கொடுத்தவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆபீஸ் பூட்டியிருக்கிறது, உள்ளே அவனுடைய மார்க் ஷீட். இஎம்ஐ மட்டும் மாதம் தவறாமல் வந்தது. மார்க் ஷீட்டுக்கு டூப்ளிகேட் எடுக்க அந்த ஆசிரியர் சென்னைக்கும் ஊருக்கும் அலைந்ததை நான் பார்த்தேன்.

நியாயமான பாண்டு எப்படி இருக்கவேண்டும் தெரியுமா? பயிற்சிக்கு உண்மையில் ஆன செலவு ரசீதோடு தெரியவேண்டும். நீங்கள் பறக்கும் ஒவ்வொரு மாதமும் தொகை குறையவேண்டும். முதல் நாளும் முப்பதாவது மாதமும் ஒரே தொகை என்றால் அது பயிற்சிச் செலவு இல்லை, பிணைப்பணம். இரண்டு மாதம் சம்பளம் தாமதமானாலோ மெடிக்கல் போனாலோ பாண்டு ரத்தாகும் என்று எழுதியிருக்கவேண்டும். அசல் சான்றிதழ் கேட்டால் கொடுக்காதீர்கள். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கட்டும்.

உங்களுக்கு என் யோசனை இதுதான், தம்பி. ஓடாதீர்கள். இன்றே முறைப்படி ராஜினாமா மின்னஞ்சல் அனுப்பி ஆறு மாதமும் பறங்கள். அதற்குள் 1500 தாண்டிவிடும், ஏடிபிஎல் வேலையும் தொடங்கலாம். மீதி பாண்டுத் தொகையைப் புது நிறுவனம் ஏற்குமா என்று கேளுங்கள், சில இடங்களில் ஏற்கிறார்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: பைலட்டான என் கணவர் சளிக்கு ஹோமியோபதி சொட்டு மருந்து எடுக்கிறார். குடித்திருக்கிறாரா என்று பார்க்கும் பிரெத் டெஸ்டில் வருமா? (திருமதி வி., மதுரை)

பதில்: வரலாம் அம்மா. ஹோமியோ சொட்டு, சில இருமல் மருந்து, மவுத்வாஷ் எல்லாவற்றிலும் ஆல்கஹால் இருக்கலாம். அனுமதிக்கப்பட்ட அளவு பூஜ்யம். முதல் முறை மாட்டினால் உரிமம் மூன்று மாதம் முடங்கும், இரண்டாவது முறை மூன்று வருடம். சளி இருந்தால் விமான மருத்துவரைக் கேட்டு மருந்து எடுக்கட்டும், அல்லது சிக் ரிப்போர்ட் செய்துவிட்டு ரசம் குடித்துத் தூங்கட்டும்.

கேள்வி: புதிதாக வரும் ஒரு பிராந்திய நிறுவனத்தில் சேரலாமா? கமாண்ட் (கேப்டன் பதவி) சீக்கிரம் தருவோம் என்கிறார்கள். (டி.எம்., சென்னை)

பதில்: நிறுவனத்தின் பெயரைக்கூட எழுதவில்லை. பொதுவாகச் சொல்கிறேன். சென்னையின் பாரமவுண்ட், கோவையின் ஏர் கார்னிவல், பெங்களூரின் ஏர் பெகாசஸ், விஜயவாடாவின் ஏர் கோஸ்டா, ஹைதராபாத்தின் ட்ரூஜெட். இவற்றில் இன்று ஒன்றும் பறக்கவில்லை. சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் அரசின் உடான் திட்டத்தில் ஒரு வழித்தடத்துக்கு மானியம் மூன்று வருடம்தான். அதற்குப் பிறகு டிக்கெட் காசிலேயே ஓடவேண்டும். ட்ரூஜெட் நின்றபின் 2023 அக்டோபர் வரை சேலத்துக்கு விமானமே இல்லை. நீங்கள் சேர நினைக்கும் நிறுவனத்தில் வேலை பார்க்கும் பைலட்டுகளிடம் பிஎஃப் கட்டப்படுகிறதா என்று விசாரியுங்கள். முதலில் நிற்பது அதுதான். ஒரே ஒரு விமானம் வைத்துக்கொண்டு சீக்கிரம் கமாண்ட் என்றால் சிரித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் ரீஜனல் பைலட்டுக்குச் சம்பளம் கொட்டுகிறதாமே? கிரீன் கார்டு இருக்கிறது. (கே.என்., டல்லாஸ்)

பதில்: இப்போது நன்றாக இருக்கிறது, முன்பு பரிதாபம். 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் என்ற ரீஜனல் நிறுவனத்தின் 3407 விமானம் விழுந்தது, 50 பேர் இறந்தார்கள். அதன் துணை விமானி சியாட்டிலில் இருந்து இரவெல்லாம் பயணம் செய்து நியூவார்க்குக்கு வேலைக்கு வந்தவர். அவருடைய சம்பளம் எவ்வளவு என்று தெரிந்தபோது நாடே வாயைப் பிளந்தது. 2010-ல் சட்டம் வந்தது, 2013 முதல் ஃபர்ஸ்ட் ஆபீசருக்கும் 1500 மணி கட்டாயம், ராணுவத்துக்கும் விமானப் பட்டதாரிகளுக்கும் மட்டும் கொஞ்சம் சலுகை. கொரோனாவுக்குப் பின் ஆள் தட்டுப்பாடு வந்து, 2022-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனங்கள் முதல் வருடமே மணிக்கு 90 டாலர் என்றன. உங்களுக்கு எத்தனை மணி இருக்கிறது? எழுதவில்லை. 1500 வரை பயிற்சியாளராக இருந்து சம்பாதிக்கவேண்டும். அந்தக் காலத்தில் சாப்பாட்டுக்கு வழி பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெண்களுக்கு ஏடிஆர் ஒத்துவருமா? கைக்கு பலம் வேண்டும் என்கிறாரே என் மாமா. (மா.ச., ஈரோடு)

பதில்: மாமா என்ன ஓட்டுகிறார்? இந்தியாவில் விமானிகளில் பெண்கள் 15 சதவீதத்தை ஒட்டி இருக்கிறார்கள், உலகச் சராசரியைப்போல மும்மடங்கு. ஒரு எஞ்சின் நின்றுபோனால் ரடர் பெடலை மிதிக்கச் சீட்டைச் சரியாக நகர்த்தி உட்காரத் தெரிந்தால் போதும். மெடிக்கலை முதலில் முடியுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்குள்ள பலாலி விமான நிலையத்துக்குச் சென்னையிலிருந்து ஏடிஆர்தானே வருகிறது. எனக்கு இலங்கை சிபிஎல் உண்டு, 220 மணி. அந்த விமானங்களில் எனக்கு வேலை கிடைக்குமா? (ச.தி.)

பதில்: விவரத்தோடு எழுதிய ஒரே ஆள் நீங்கள், நன்றி. ஆனால் பதில், 'கிடைக்காது' என்பதுதான். வெளிநாட்டு உரிமத்தோடு இந்திய நிறுவனத்தில் பறக்கத் தருவது தற்காலிக அனுமதி. அதுவும் இங்கே ஆள் கிடைக்காத இடத்தில், அந்த விமானத்தில் அனுபவமுள்ள கேப்டன்களுக்கு. 220 மணிக்கு இந்தப் பக்கம் கதவு இல்லை. கொழும்பில் பயிற்சியாளர் ரேட்டிங் எடுத்து மணியைச் சேருங்கள். மாலைதீவில் சின்ன விமானங்கள் நிறைய, அங்கேயும் விண்ணப்பியுங்கள். பாண்டு கேட்டால் கையெழுத்துப் போடுமுன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.