ராஸ்பெர்ரி பை 4-இல் ரிலே, சென்சார், ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் சேர்த்து மாட்டுவது எப்படி?

கேள்வி: நான்கு சேனல் ரிலே மாட்யூல் (மின்சாரத்தால் இயங்கும் நான்கு சுவிட்சுகள்), தூரம் அளக்கும் ஹெச்சி-எஸ்ஆர்04, வெப்பநிலைக்கு டிஎஸ்18பி20, 2.5 அங்குல யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க். நான்கையும் ஒரே ராஸ்பெர்ரி பை 4 சிறு கணினியில் மாட்டியதும் திரையில் மின்னல் குறி வருகிறது. ரிலே ஆன் ஆகிறது, ஆஃப் ஆக மறுக்கிறது. ப்ரோக்ராமில் தவறா?

பதில்:

ப்ரோக்ராமை இப்போதைக்குத் தொடாதீர்கள். இரண்டு கோளாறும் வயரிங்கில்தான் இருக்கின்றன. மின்னல் குறி வந்தால், போர்டுக்கு வந்து சேரும் 5 வோல்ட் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது என்று பொருள். ரிலே விவகாரம் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். அடாப்டரின் மேல் 3 ஆம்பியர் என்று அச்சடித்திருந்தால் மட்டும் போதாது, கேபிளையும் பாருங்கள். மெல்லிய கேபிளில் போக, வர இரண்டு கம்பிகளும் சேர்ந்து 0.2 ஓம் தடை இருந்தால், 2 ஆம்பியர் ஓடும்போது 0.4 வோல்ட் கேபிளிலேயே போய்விடும். 5 வோல்ட்டாகக் கிளம்பியது 4.6 ஆக வந்து சேரும். ராஸ்பெர்ரி பையின் சொந்த அடாப்டர் 5.1 வோல்ட் தருவதும், அதன் கேபிள் கழற்ற முடியாதபடி சேர்ந்தே வருவதும் இதனால்தான். ஃபோன் சார்ஜரைத் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்து ஹார்ட் டிஸ்க். பை 4-இன் நான்கு யூஎஸ்பி போர்ட்டுகளுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான் கிடைக்கும். 2.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்த ஒன்றிரண்டு நொடிகளில் தனியாகவே 1 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும். எனவே டிஸ்க்கைத் தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் வழியாகவே மாட்டுங்கள். ஹப் வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள்: பையின் அடாப்டரைக் கழற்றிவிட்டு, ஹப்பின் அடாப்டரை மட்டும் போட்டு, ஹப்பைப் பையில் சொருகுங்கள். பையின் சிவப்பு விளக்கு எரிந்தால் ஹப் தன் மின்சாரத்தைப் போர்டுக்குள் திருப்பித் தள்ளுகிறது. அதை மாற்றிவிடுங்கள். மின்சாரம் சரியாக இருந்தும் டிஸ்க் நடுவில் காணாமல் போனால், டிஸ்க் பெட்டிக்குள் இருக்கும் யூஎஸ்பி-சாட்டா சிப்புக்கும் யூஏஎஸ் முறைக்கும் (யூஎஸ்பி வழியாக டிஸ்க்கோடு வேகமாகத் தரவு பரிமாறும் முறை) ஒத்துவராமல் இருக்கலாம். அந்த சிப்புக்கு மட்டும் யூஏஎஸ்-ஐ நிறுத்திப் பாருங்கள்.

இனி பின்கள். ஒன்றை மனதில் வையுங்கள்: ஜிபிஐஓ பின்கள் (வெளிச் சாதனங்களோடு சமிக்ஞை பரிமாறும் பின்கள்) 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். 5 வோல்ட் நேராகப் போனால் அந்தப் பின் சாகும், சில நேரம் சிப்பே சாகும். பின்னிலிருந்து எடுக்கும் மின்னோட்டமும் ஒன்றுக்கு 16 மில்லி ஆம்பியர், எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் என்ற அளவுக்குள் இருக்கட்டும். சிறு எல்இடி என்றால் 330 ஓம் ரெசிஸ்டரோடு எரிக்கலாம். மோட்டாரையோ ரிலே காயிலையோ நேராக மாட்டவே கூடாது.

எண்களிலும் பலர் தடுமாறுகிறார்கள். போர்டில் பின் வரிசை எண் ஒன்று, ஜிபிஐஓ எண் வேறு. 7-ஆம் பின் என்பது ஜிபிஐஓ 4. ஜிபிஐஓ 7 இருப்பதோ 26-ஆம் பின்னில். கீழே இரண்டையும் சொல்கிறேன்.

டிஎஸ்18பி20 மூன்றிலும் எளியது. அதன் மின் கம்பியை 1-ஆம் பின்னில் (3.3 வோல்ட்), தரவுக் கம்பியை 7-ஆம் பின்னில் (ஜிபிஐஓ 4), கிரவுண்டை 9-ஆம் பின்னில் கொடுங்கள். மின் கம்பிக்கும் தரவுக் கம்பிக்கும் நடுவே ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் கட்டாயம். பிறகு ராஸ்பி-கான்ஃபிக்கில் (பையின் அமைப்புகளை மாற்றும் ப்ரோக்ராம்) ஒன்-வயர் வசதியை ஆன் செய்து ரீபூட் செய்தால், 28 என்று தொடங்கும் பெயரில் சென்சார் தெரியும். தெரியாவிட்டால் முதலில் ரெசிஸ்டரைப் பாருங்கள். எப்போது படித்தாலும் 85 டிகிரி என்றே வந்தால் அது வெப்பநிலை அல்ல. மின்சாரம் வந்ததும் சென்சார் வைத்திருக்கும் தொடக்க மதிப்பு அது. அளவீடு நடக்கவே இல்லை, மின் கம்பி இணைப்பு சரியில்லை என்று கொள்ளுங்கள்.

ஹெச்சி-எஸ்ஆர்04-க்கு 5 வோல்ட்டை 2-ஆம் பின்னிலிருந்தும், கிரவுண்டை 6-ஆம் பின்னிலிருந்தும் எடுங்கள். ட்ரிகர் (அளக்கச் சொல்லும் கம்பி) 16-ஆம் பின்னுக்கு (ஜிபிஐஓ 23) நேராகப் போகலாம். எக்கோ (பதில் தரும் கம்பி) நேராகப் போகக் கூடாது, அது 5 வோல்ட் தருகிறது. எக்கோவிலிருந்து 1 கிலோ ஓம், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம், இரண்டும் சேரும் இடத்திலிருந்து 18-ஆம் பின்னுக்கு (ஜிபிஐஓ 24) ஒரு கம்பி. 5 வோல்ட்டின் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 3.33 வோல்ட், போர்டுக்கு வரும். ரெசிஸ்டர்களை இடம் மாற்றிப் போட்டால் 1.67 வோல்ட்தான் வரும். போர்டு அதை 'ஆன்' என்று எடுத்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது.

இப்போது ரிலே. இந்த வகை நீல நிற மாட்யூல்களில் பெரும்பாலும் உள்ளீடு தாழ்ந்தால்தான் ரிலே இழுக்கும். மாட்யூலின் விசிசி-யிலிருந்து (மின்சாரம் வாங்கும் முனை) ஒரு ரெசிஸ்டர், சிறு எல்இடி, ஆப்டோ கப்ளர் (ஒளியால் சமிக்ஞை கடத்தும் பாகம்) வழியாக மின்சாரம் உங்கள் பின்னுக்கு இறங்குகிறது. விசிசி-க்கு 5 வோல்ட் கொடுத்துவிட்டு பின்னை 'ஆஃப்' என்று 3.3-இல் வைத்தால், இடையில் இன்னும் 1.7 வோல்ட் மிச்சம் இருக்கிறது. சில மாட்யூல்களில் ரிலேவை விடாமல் பிடித்து வைக்க அதுவே போதும். நீங்கள் பார்ப்பது இதுதான். அதைவிட மோசம், பின் உள்ளீடாக இருக்கும்போது அந்த 5 வோல்ட் அதற்குள் கசிவது.

விசிசி, ஜேடி-விசிசி (ரிலே காயில்களுக்கு மின்சாரம் வாங்கும் முனை) இரண்டையும் இணைக்கும் சிறு ஜம்பர் உங்கள் மாட்யூலில் இருந்தால் அதைக் கழற்றுங்கள். விசிசி-க்கு 17-ஆம் பின்னிலிருந்து 3.3 வோல்ட். ஜேடி-விசிசி-க்கும் அதன் அருகிலுள்ள கிரவுண்டுக்கும் தனி 5 வோல்ட் அடாப்டர். ஒரு ரிலே காயில் ஏறத்தாழ 70 மில்லி ஆம்பியர் எடுக்கும், நான்கும் சேர்ந்தால் 280. அந்தச் சுமையைப் போர்டின் மேல் ஏற்றாதீர்கள். இந்த ஒரு இணைப்பில் மட்டும் பையின் கிரவுண்டை ரிலே பக்கம் சேர்க்க வேண்டியதில்லை, நடுவில் ஒளிதான் செய்தி சொல்கிறது. மற்றபடி தனி அடாப்டர் போடும் எந்த இடத்திலும் (சர்வோ மோட்டார் போல) இரு கிரவுண்டுகளும் இணைந்தே தீர வேண்டும்.

ரிலே மாட்யூலின் உள்ளீடுகளுக்கு ஜிபிஐஓ 5, 6, 7, 8 (பின்கள் 29, 31, 26, 24) நல்ல தேர்வு. போர்டு பூட் ஆகும்போது ஜிபிஐஓ 0 முதல் 8 வரை மேலிழுக்கப்பட்டும் (3.3 வோல்ட் பக்கம்), 9 முதல் 27 வரை கீழிழுக்கப்பட்டும் (கிரவுண்ட் பக்கம்) இருக்கும். தாழ்ந்தால் இழுக்கும் ரிலேவுக்கு முதல் கூட்டமே பாதுகாப்பு. எஸ்பிஐ வசதியை (சில சாதனங்களோடு தரவு பரிமாறும் முறை) ஆன் செய்தால் 7, 8 இரண்டையும் அது எடுத்துக்கொள்ளும், கவனம்.

3.3 வோல்ட்டில் ரிலே இழுக்கவே இல்லை என்றால் விசிசி-யை மீண்டும் 5 வோல்ட்டுக்கு மாற்றி, சேனலுக்கு ஒரு 2என்2222 டிரான்சிஸ்டர் போடுங்கள்: கலெக்டர் உள்ளீட்டுக்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு, பேஸ் 1 கிலோ ஓம் வழியாகப் பின்னுக்கு. இப்போது கிரவுண்டுகள் சேர வேண்டும். 'ஆன்', 'ஆஃப்' தலைகீழாகும், பின்களையும் 9-க்கு மேற்பட்ட எண்களிலிருந்து எடுக்க வேண்டும்.

எதை மாட்டினாலும் கழற்றினாலும் போர்டை ஷட்டவுன் செய்து அடாப்டரை எடுத்துவிட்டே செய்யுங்கள். 3.3 வோல்ட் பின்னும் 5 வோல்ட் பின்னும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, ஜம்பர் கம்பி ஒன்று நழுவினால் போதும். ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் மின்னல் குறி வருகிறதா என்று பார்த்துப் போங்கள். வீட்டு மின்சாரத்தை ரிலேவின் மறுபக்கத்தில் கடைசியாகச் சேர்க்கலாம். அதுவரை கிளிக் சத்தத்தையும் மல்டிமீட்டரையும் வைத்தே சோதியுங்கள். ரிலே மேல் 10 ஆம்பியர் என்று இருப்பது ஹீட்டர், குண்டு பல்பு போன்ற சுமைக்கு. மோட்டார், பம்ப் என்றால் அதில் பாதியைக்கூட நம்பாதீர்கள், நடுவில் ஒரு கான்டாக்டர் (பெரிய சுமைக்கான ரிலே) வையுங்கள்.