கொலைகாரன் வாயால் ஒரு பாட்டு

கேள்வி: சென்ற இதழில் 'நிக் கேவ் அண்ட் த பேட் சீட்ஸ்' ராக் குழுவை ஆஹா ஓஹோ என்று புகழ்ந்திருந்தீர்கள். பாப் பாடகி கைலி மினோக் பாடியிருக்கிறாரே என்று நம்பி 'வேர் த வைல்ட் ரோசஸ் க்ரோ' பாட்டைப் போட்டேன். கொலைக் கதை என்று தெரிந்ததும் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். கொலையை விற்றுக் காசு பார்ப்பதெல்லாம் கலையா? இப்படி எழுதுகிறவர் மனசு எப்படி இருக்கும்?

பதில்: காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அந்தப் பாட்டு உள்ள 'மர்டர் பேலட்ஸ்' ஆல்பம் 1996-இல் வந்தது. அதே வருடம் எம்டிவி சிறந்த ஆண் பாடகர் விருதுக்கு, குழுவின் பாடகரும் பாட்டு எழுதுகிறவருமான நிக் கேவ் பெயரைச் சேர்த்தபோது, என் பெயரை எடுத்துவிடுங்கள், நான் யாரோடும் போட்டிக்கு வரவில்லை என்று கடிதம் எழுதிவிட்டார் மனுஷர். காசுக்கு அலைகிறவர் செய்கிற வேலையா இது?

கொலையைப் பாடுவதும் அவர் கண்டுபிடித்ததில்லை. ஐரோப்பாவில் அது பழைய நாட்டுப்பாடல் மரபு. கொலைச்சிந்து அச்சடித்து விற்ற நமக்கும், ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போட்ட நல்லதங்காளுக்காக அழுத நமக்கும் இதில் அதிர்ச்சி அடைய என்ன இருக்கிறது?

சரி, அந்த ஆல்பத்தில் எல்லாமே தேறும் என்று சொல்லமாட்டேன். பத்துப் பாட்டில் ஒன்பதில் பிணம் விழுகிறது. 'ஓ'மேலிஸ் பார்' 14 நிமிடத்துக்கு மேல் போகிறது, ஒருவன் மதுக்கடையில் நின்று சுட்டுக்கொண்டே இருக்கிறான், நடுவில் எனக்கே அலுத்துவிட்டது. ஆனால் 1988-இல் வந்த அவருடைய 'த மெர்சி சீட்' பாட்டைக் கேட்டுப் பாருங்கள். மின்சார நாற்காலிக்குப் போகிற ஒரு கைதி பேசுகிறான். நான் சொன்னது உண்மை, சாகப் பயமில்லை என்று பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது, வாத்தியங்கள் ஏறிக்கொண்டே போகின்றன, நாமும் பாவம் நிரபராதி போலிருக்கிறது என்று அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். கடைசித் தடவை, பயமில்லை என்று வர வேண்டிய அதே இடத்தில், பொய் சொல்லிவிட்டேன் என்று வந்து விழுகிறது. அதுவரை அவனுக்காகத் தலையாட்டிக்கொண்டிருந்தது யார்? நாம்தான். பின்னாளில் புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் இதை எடுத்துப் பாடியது சும்மா இல்லை.

எழுதுகிறவர் மனசு பற்றிக் கேட்டீர்கள். 2015-இல் அவருடைய பதினைந்து வயது மகன் பாறை உச்சியிலிருந்து விழுந்து இறந்தான். 2018-இலிருந்து, யார் வேண்டுமானாலும் எதையும் கேட்டு எழுதக்கூடிய ஒரு கேள்வி-பதில் பகுதியை அவரே நடத்துகிறார். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அவருக்கு எழுதுகிறார்கள், உட்கார்ந்து பதில் சொல்கிறார். (என் தொழில்தான். என்னைவிடப் பொறுமைசாலி.)

அப்புறம், நீங்கள் நிறுத்திய பாட்டு. மூன்று நாள் கதை அது, கொல்கிறவனும் அவளும் மாறி மாறிச் சொல்கிறார்கள். என் பெயர் எலைசா டேயாக இருந்தது என்று அந்தப் பெண் இறந்தகாலத்தில் பாடுவதை ஆரம்பத்திலேயே கவனித்தால் வயிற்றைப் பிசையும், கவனிக்காவிட்டால் அது ஒரு காதல் பாட்டு. அவன் கையில் கல் எடுப்பது மூன்றாம் நாள். பாதியில் நிறுத்தினேன் என்கிறீர்களே, அந்த இடத்தில் அவன் இன்னும் ரோஜாப் பூவோடுதான் நிற்கிறான்.