கேலிப்பர் மாற்றிய வீராவுக்கு எந்த பிரேக் ஹோஸ்?

தம்பி, புரோட்டான் வீரா காரில் முன்பக்கம் பெரிய கேலிப்பர் (சக்கரத்தில் பிரேக்கை இறுக்கும் பாகம்) போட்டாயிற்று, அதற்குப் பிரேக் திரவம் கொண்டுபோகும் பழைய ரப்பர் ஹோஸ் போதுமா, ஸ்டீல் பின்னல் ஹோஸ் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பழையதைக் கழற்றி எறியுங்கள். வயதான ரப்பர் உள்ளே வீங்கும். பெடல் பஞ்சு மாதிரி இருக்கும். புது ரப்பரே போதும், பின்னல் போட்டால் பெடல் இன்னும் கெட்டியாகும். ஆனால் கார் நிற்கும் தூரம் அதனால் பெரிதாகக் குறைந்துவிடாது.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓட்டுபவன் என்பதால் சொல்கிறேன்: மேலே பிளாஸ்டிக் உறை உள்ளதையே வாங்குங்கள். வெறும் பின்னலுக்குள் மணல் புகுந்தால் உள்ளிருக்கும் டெஃப்லான் குழாயையே அரித்துவிடும்.

நீளம்தான் முக்கியம். ஜேக் வைத்துத் தூக்கி, சக்கரம் தொங்கும்போது ஸ்டேரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஒரு கயிற்றால் அளந்து பாருங்கள். இழுபடவும் கூடாது, முறுக்கவும் கூடாது. என் முதல் ஹோஸ் கொஞ்சம் நீளம். இடது முழுத் திருப்பத்தில் டயரில் உரசி, ஓரிடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. நல்ல வேளை, எண்ணெய் மாற்றும்போது கண்ணில் பட்டது.

அப்புறம், ஹோஸைக் கேலிப்பரில் இணைக்கும் பேன்ஜோ போல்ட். 10 மில்லிமீட்டரிலேயே 1.0, 1.25 என இரண்டு பிட்ச் (மரை இடைவெளி) உண்டு. கையால் சுலபமாக ஏறவில்லை என்றால் ஸ்பேனர் போடாதீர்கள், கேலிப்பர் மரை போய்விடும். செம்பு வாஷர் இரு பக்கமும் புதிதாகவே போடுங்கள். பிரேக் குழாயிலிருந்து காற்று எடுத்த பிறகு ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, நீங்கள் ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள்.