மேற்பரப்பைத் தொட்டாலே மெல்லிய படலத்தின் மின்கடத்தல் ஏன் மாறுகிறது?

காட்மியம் ஆர்சனைடு படலத்தின் மேற்பரப்பைச் சுத்தம் செய்தாலே மின்கடத்தல் மாறுகிறதாமே என்று சுங்கை சிப்புட்டில் படிவம் 6 படிக்கும் தம்பி கேட்டிருக்கிறார்.

ஆமாம் தம்பி, மாறும். செம்புக் கம்பியின் மேல்தோல் கறுத்தாலும் அதன் மின்தடை அசையாது. உள்ளே எலெக்ட்ரான்கள் ஏராளம். காட்மியம் ஆர்சனைடு அப்படியில்லை. அது டிராக் அரை உலோகம்: எலெக்ட்ரான்கள் இருக்கக்கூடிய இரண்டு ஆற்றல் பட்டைகள் குறிப்பிட்ட புள்ளிகளில் மட்டும் தொட்டுக்கொள்கின்றன. அந்தப் புள்ளிகளுக்கு அருகே எலெக்ட்ரான் இருக்கக்கூடிய நிலைகள் மிகக் குறைவு. அதனால் மேலே ஒட்டிய ஆக்சிஜனோ, நம் ஊர்ப் புழுக்கத்தின் ஈரமோ கொஞ்சம் மின்னூட்டத்தை இழுத்தாலே ஃபெர்மி மட்டம் (எலெக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் ஆற்றல் எல்லை) வெகுவாக நகர்ந்து, கடத்தும் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையும் மாறிவிடும். படலம் 20 நானோமீட்டர்தான் என்றால் அந்தப் பாதிப்பு எட்டாத உள்பகுதி என்று பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

அப்புறம், டோபாலஜி, அதாவது பட்டைகளின் ஒட்டுமொத்த வடிவ அமைப்பு, தரும் சிறப்பு எலெக்ட்ரான் நிலைகள் இருப்பதே மேற்பரப்பில்தான். 2017-இல் இந்தப் படலங்களில் குவாண்டம் ஹால் விளைவு (காந்தப்புலத்தில் குறுக்கு மின்தடை படிக்கட்டுப் போலத் தாவி மாறுவது) காணப்பட்டபின் மேற்பரப்பின் தரத்துக்கு மதிப்பு இன்னும் கூடியது.

பிளாஸ்மாவால் (அயனிகளாகப் பிரிந்த வாயு) ஆக்சைடை நீக்கலாம், மேலே காப்புப் படலம் போடலாம். பிளாஸ்மா கடுமையானால் அயனிகள் படிகத்தையே குலைத்து, எலெக்ட்ரான்களைச் சிதறடிக்கும். எனவே மின்தடையை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஹால் அளவீட்டையும் (காந்தப்புலத்தில் வைத்துக் குறுக்கே எழும் மின்னழுத்தத்தை அளப்பது) சேர்த்துச் செய்தால்தான் மாறியது எலெக்ட்ரான் எண்ணிக்கையா, அவை எவ்வளவு எளிதாக நகர்கின்றன என்ற இயங்குதிறனா என்று பிரித்தறிய முடியும்.