எலி மூளையும் அம்மாவின் மாத்திரையும்

அன்புள்ள அக்காவுக்கு,

நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்தும் செரட்டோனின் என்ற ரசாயனத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மனச்சோர்வுக்காக பாலிகிளினிக்கில் அவருக்குச் செரட்டோனினைக் கூட்டும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். "சந்தோஷம் தரும் மருந்து என்றார்கள், எனக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டுதானே வருகிறது" என்கிறார். அப்புறம் என் சந்தேகம் ஒன்று. எலியின் மூளையில் செரட்டோனின் நரம்பணுக்கள் மரபணு அளவில் பல வகை என்று எழுதியிருந்தீர்கள். ஒரே உடலுக்குள் மரபணு எப்படி வேறுபடும்? எலியிடம் கண்டுபிடித்தது அம்மாவுக்கு எந்த வகையில் உதவும்?

மீனா, ஈசூன்

அன்புள்ள மீனா,

முதலில் அம்மாவின் வயிறு. உடலிலுள்ள செரட்டோனினில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் இருக்கிறது. வெளியே விட்ட செரட்டோனினைச் செல்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்வதைத் தடுப்பதுதான் இந்த வகை மாத்திரைகளின் வேலை. அந்தத் தடுப்பு மூளையோடு நிற்பதில்லை, குடலிலும் நடக்கும். குமட்டல் அதனால்தான். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும். மனம் தெளிவதற்கும் வாரக்கணக்கில் ஆகும் என்பதால், டாக்டரிடம் கேட்காமல் அம்மா மாத்திரையை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குமட்டலை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி உங்கள் சந்தேகம். ஒரு உடலில் எல்லாச் செல்களுக்கும் மரபணுத் தொகுதி ஏறக்குறைய ஒன்றேதான். எந்தச் செல்லில் எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன, எவை சும்மா கிடக்கின்றன என்பதில்தான் வேறுபாடு. கண்ணும் கல்லீரலும் வேறாக இருப்பது இப்படித்தான். எலியின் செரட்டோனின் நரம்பணுக்களுக்குள்ளும் இதே கதைதான். செரட்டோனின் தயாரிக்கத் தேவையான டிபிஎச்-2 மரபணு எல்லாவற்றிலும் இயங்குகிறது. அதற்கு மேல் வேறு எந்த மரபணுக்கள் இயங்கும் என்பதில் ஒவ்வொரு கூட்டமும் தனி வழியில் போகிறது.

எலி மூளையில் சுமார் 7 கோடி நரம்பணுக்கள். அவற்றில் செரட்டோனின் தயாரிப்பவை 26,000 அளவில்தான். மூளைத்தண்டின் நடுக்கோட்டை ஒட்டி, ரேஃபே கருக்கள் என்ற கொத்துகளில் இருக்கின்றன. அங்கிருந்து மூளை முழுவதும் இழைகளை அனுப்புகின்றன. 1964-இல் டால்ஸ்ட்ரோம், ஃபுக்சே என்ற இரு சுவீடன் ஆய்வாளர்கள் இவற்றை இருக்கும் இடத்தை வைத்து பி1 முதல் பி9 வரை பிரித்தார்கள். அந்தப் பெயர்கள் இன்றும் புழங்குகின்றன. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரு செல்கள் ஒரே வேலையைச் செய்கின்றனவா என்பதை இடம் மட்டும் சொல்லாது.

அதைத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு செல்லாகப் படிக்க வேண்டியிருந்தது. செரட்டோனின் செல்கள் மட்டும் சிவப்பாக ஒளிரும்படி வளர்த்த எலியின் மூளையிலிருந்து அந்தப் பகுதியை மெல்லிய சீவல்களாக வெட்டி, நொதியில் ஊறவைத்துச் செல்களைப் பிரிக்கிறார்கள். ஒளிரும் செல்லை மட்டும் கருவி பொறுக்கி, குழிக்கு ஒன்றாகத் தட்டில் இடுகிறது. பிறகு அந்த ஒற்றைச் செல்லில் இருக்கும் ஆர்என்ஏக்களை, அதாவது இயங்கும் மரபணுக்களிலிருந்து எடுக்கப்படும் நகல்களைப் படித்தால், எந்த மரபணுக்கள் இயங்கிக்கொண்டிருந்தன என்று தெரிந்துவிடும். நம் சிங்கப்பூரில் புவன விஸ்தா பக்கம் பயோபோலிஸில் இருக்கும் ஆய்வுக்கூடங்களிலும் ஒற்றைச் செல்லை இப்படிப் படிப்பது புழக்கத்தில் இருக்கிறது.

ஸ்டான்ஃபோர்டில் லிச்சுன் லுவோவின் குழு 2019-இல் ரேஃபேயின் இரு முக்கியப் பகுதிகளைப் படித்து 11 வகைகளைச் சொன்னது. ஹார்வர்டில் சூசன் டைமெக்கியின் குழு 2020-இல் அவற்றில் ஒன்றான முதுகுப்புற ரேஃபேயை மட்டும் எடுத்துக்கொண்டு 14 வரை போனது. எண்கள் ஒத்துப்போகவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். எடுத்த பகுதி வேறு, செல்களை அடையாளம் கண்ட விதம் வேறு, எங்கே கோடு போடுவது என்பதும் ஆய்வாளரின் முடிவு. என்னைக் கேட்டால் எண்ணிக்கையைவிட இழைகள் போகும் திசைதான் முக்கியம். குளூட்டமேட் என்ற இன்னொரு செய்தி ரசாயனத்தையும் சேர்த்து அனுப்பும் வகை பெரும்பாலும் மூளையின் மேலடுக்கான மூளைப் புறணிக்குப் போகிறது. டிஆர்எச் என்ற ஹார்மோனையும் வைத்திருக்கும் வகை, பசி, உடல் வெப்பம் போன்றவற்றைக் கவனிக்கும் ஹைப்போதாலமஸுக்குப் போகிறது.

நடத்தையிலும் இந்தப் பிரிவு தெரிகிறது. லுவோ குழுவே 2018-இல் இரண்டு கூட்டங்களை ஒப்பிட்டது. ஒன்று மூளைப் புறணியின் முன்பகுதிக்கு இழை அனுப்புவது, மற்றது பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதிக்கு. வெகுமதி கிடைத்தால் இரண்டும் விழிக்கின்றன. துன்பம் வந்தால் எதிரெதிராக நடக்கின்றன. முதல் கூட்டம், இக்கட்டில் எலி சோர்ந்துவிடாமல் போராட உதவுகிறது. இரண்டாவது பதற்றத்தைக் கூட்டுகிறது. இரண்டுமே அனுப்புவது செரட்டோனின்தான்! மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில், ரத்தத்தில் கரியமில வாயு கூடும்போது மூச்சை வேகப்படுத்த உதவும் கூட்டமும் இருக்கிறது. அந்த வேலை மனநிலையைப் பற்றியதே அல்ல.

இவ்வளவு வேலைகளுக்கு நடுவே இதைச் சந்தோஷ ரசாயனம் என்று மட்டும் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மாத்திரை போட்டும் சந்தோஷம் வராதவர்கள், குறை தன்னிடம்தான் என்று நொந்துகொள்கிறார்கள். உங்கள் அம்மா அப்படி நினைக்க வேண்டியதே இல்லை.

எலியின் வகைகள் அப்படியே மனிதருக்குப் பொருந்திவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். நம் மூளையில் இந்தச் செல்கள் சில லட்சம் இருக்கின்றன. ஆனால் ரேஃபேயின் அமைப்பும், டிபிஎச்-2 மரபணுவும் இரண்டு பேருக்கும் பொது. இன்றைய மாத்திரை எல்லாக் கூட்டங்களையும் ஒரே நேரத்தில் தொடுகிறது. ஒவ்வொரு வகையும் தன் மேற்பரப்பில், ரசாயனங்களும் மருந்துகளும் வந்து ஒட்டும் வெவ்வேறு ஏற்பிகளைத் தாங்கி நிற்பதால், பதற்றக் கூட்டத்தை மட்டும் தொட்டு மற்றதை விட்டுவைக்கும் மருந்துக்கு எந்த ஏற்பியைக் குறிவைக்கலாம் என்று இந்த எலிப் பட்டியலில்தான் தேட ஆரம்பித்திருக்கிறார்கள். அப்படி ஒரு மருந்து இன்னும் மருந்துக் கடைக்கு வரவில்லை. அதுவரை அம்மாவுக்கு இருப்பது இதுதான். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பலருக்குக் குறைகிறது.

அன்புடன்,
அக்கா