பாதாளத்தில் இறங்க எத்தனை புத்தகம் வேண்டும்?

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பாத்திரமேற்று ஆடும் கதை ஆட்டம்) ஆடுகிறோம், 2014 விதிகளில். நான்தான் டி.எம். (டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையை நடத்துபவர்). கதாபாத்திரங்கள் இப்போது நான்காம் லெவல். அடுத்த கதை முழுவதையும் நிலத்துக்கு அடியில், அண்டர்டார்க் என்ற பாதாள உலகில் நடத்த ஆசை. புத்தகம் தேடினால் 1978-இல் வந்ததிலிருந்து பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எல்லாம் வாங்கப் பணமில்லை, படிக்க நேரமும் இல்லை. இரண்டு மூன்று போதும் என்றால் எவை? பழைய எடிஷன் புத்தகங்கள் எங்களுக்குப் பயன்படுமா?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: நீங்கள் சொல்லும் பட்டியலில் முக்கால்வாசிப் புத்தகங்கள் கீழே யார் யார் வாழ்கிறார்கள் என்பதைச் சொல்பவை. பாதாள எல்ஃப்களான ட்ரோக்களின் குடும்பப் பகை, பாதாளக் குள்ளர்களான டுவர்கர்களின் கொல்லுப்பட்டறை, மூளை தின்னும் மைண்ட் ஃப்ளேயர் என்று பக்கம் பக்கமாக வரும். அங்கே எப்படி நடப்பது, எதைச் சாப்பிடுவது, விளக்கு அணைந்தால் என்ன ஆகும் என்று சொல்பவை மிகக் குறைவு. இருட்டும் தூரமும் பசியும் ஆட்டத்துக்குள் வராவிட்டால் அண்டர்டார்க் என்பது கூரை போட்ட காடுதான். அதனால் முதல் பணம் அந்த இரண்டாவது வகைக்குப் போகட்டும்.

2014 விதிகளுக்கென்று அண்டர்டார்க் பற்றித் தனி சோர்ஸ்புக் (உலக விவரமும் விதிகளும் தரும் புத்தகம்) எதையும் ஆட்டத்தை வெளியிடும் விஸார்ட்ஸ் நிறுவனம் போடவில்லை. அந்த வேலையைச் செய்வது 2015-இல் வந்த 'அவுட் ஆஃப் தி அபிஸ்' என்ற சாகசப் புத்தகம். முதல் லெவலில் தொடங்கிப் பதினைந்து வரை போகும் கதை. ட்ரோக்களின் சிறையிலிருந்து தப்பி மேலே வருவது முதல் பாதி, டீமன் பிரபுக்களை எதிர்க்க மறுபடி கீழே போவது இரண்டாம் பாதி. இரண்டாம் பாதி எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அரசியல் கூட்டமும் படை நடத்துவதுமாக இழுக்கும். முதல் பாதிக்காகவே வாங்கலாம். மேலே நாளுக்கு 24 மைல் நடக்கிற குழு இதன் விதிப்படி கீழே 6 மைல்தான் நகரும். துரத்தி வருபவர்கள் எவ்வளவு நெருங்கிவிட்டார்கள் என்பதற்கு ஒரு கணக்கு, உணவு தேடுவதற்கு ஒரு கணக்கு, மனம் பிறழ்வதற்கு ஒரு கணக்கு என எல்லாம் உங்கள் விதிகளிலேயே இருக்கின்றன. கதை வேண்டாம் என்றாலும் இந்தப் பக்கங்களை வைத்து உங்கள் சொந்தக் கதையை ஓட்டலாம்.

அடுத்தது பழையது. இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1978-இல் எழுதிய 'டி' வரிசை மாட்யூல்கள் (தயாராக எழுதிவைத்த சாகசங்கள்): 'டிசென்ட் இன்டு தி டெப்த்ஸ் ஆஃப் தி எர்த்', 'ஷ்ரைன் ஆஃப் தி குவோ-டோவா', 'வால்ட் ஆஃப் தி ட்ரோ'. அண்டர்டார்க் என்ற பெயரே அப்போது கிடையாது. அது 1986-இல் டக்ளஸ் நைல்ஸ் எழுதிய 'டன்ஜனியர்ஸ் சர்வைவல் கைட்' புத்தகத்தோடு வந்தது. ஆனால் உங்களுக்கு வேண்டிய ஒரு பொருள் இந்த வரிசையில்தான் இருக்கிறது: அறுகோணக் கட்டங்கள் போட்ட அந்தச் சுரங்கப்பாதை மேப். ஒரு கட்டம் ஒரு மைல். பெரிய பாதை, நடுத்தரப் பாதை, சின்னப் பாதை என மூன்று வகை. பெரிய பாதையில் சுலபமாகப் போகலாம், ஆனால் ட்ரோ ரோந்து எதிரே வரும். சின்னது குறுகலானது, ஆனால் ரோந்தின் கண்ணில் படாமல் போகப் பார்க்கலாம். இந்த ஒரு முடிவை ஆட்டக்காரர்கள் கையில் கொடுத்துவிட்டாலே பாதி செஷன் தானாக ஓடிவிடும். அந்த மாட்யூல்களின் சண்டைகள் ஒன்பதாம் லெவலுக்கு மேற்பட்டவர்களுக்கானவை என்பதால் உங்கள் குழு அதில் நேராக இறங்கினால் பிழைக்காது. மேப்பையும் அந்த யோசனையையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றின் பி.டி.எஃப். டிஎம்ஸ் கில்ட் இணையதளத்தில் முறையாகவே விற்கப்படுகின்றன. பழைய அச்சுப் பிரதியைத் தேடி அலைந்து சேகரிப்பாளர் விலை கொடுக்க வேண்டாம்.

மூன்றாவதாக ஒன்று வாங்க முடிந்தால் 'வெயின்ஸ் ஆஃப் தி எர்த்'. பேட்ரிக் ஸ்டூவர்ட் எழுத்து, ஸ்க்ராப் பிரின்சஸ் ஓவியம். விதிகள் பழைய பாணி, உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் குகை என்பது அறையும் நடைபாதையும் அல்ல, செங்குத்தான பள்ளமும் உடம்பை நெளித்து நுழையும் பிளவும் நீர் நிரம்பிய வளைவும்தான் என்பதை இதைப்போல எந்த ஆட்டப் புத்தகமும் சொல்லவில்லை. இதில் வெளிச்சம்தான் பணம். எத்தனை மணி நேர வெளிச்சம் கையில் இருக்கிறதோ அவ்வளவு சொத்து. ஒரு எச்சரிக்கை: பட்டினி, நரமாமிசம் எல்லாம் தயங்காமல் வரும். உங்கள் குழுவில் யாருக்காவது அது ஒத்துவராது என்றால் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ட்ரோ நகரத்தில் தங்கிச் சூழ்ச்சி செய்யும் கதை என்றால் என் பதிலே வேறு. அப்போது 1992-இல் வந்த 'மென்ஸோபெரான்ஸன்' பாக்ஸ் செட் ஒன்றே போதும். 2003-இல் மூன்றாம் எடிஷனுக்கு வந்த 'அண்டர்டார்க்' ஊர்களையும் ஆழங்களையும் அகராதி மாதிரி அடுக்கிவைக்கும். நல்ல புத்தகம், அவசரமில்லை. கார்ல் சார்ஜென்ட்டின் 'நைட் பிலோ' (1995) பலரும் கொண்டாடுவது. ஆனால் அதன் மூன்று புத்தகங்களில் முதலாவது பெரும்பாலும் தரைக்கு மேலே நடக்கிறது. நான்காம் லெவல் ஆட்களைச் சீக்கிரம் கீழே இறக்க நினைக்கும் உங்களுக்கு அது சுற்றுவழி.

பழைய எடிஷன் பற்றிக் கேட்டீர்கள். எண்களை மாற்ற உட்காராதீர்கள். அந்தக் காலத்தில் ஆர்மர் கிளாஸ் (அடி படாமல் காக்கும் எண்) குறையக் குறைய நல்லது, இப்போது தலைகீழ். அபோலெத், குவோ-டோவா, ஹுக் ஹாரர் போன்ற பாதாள உயிர்கள் எல்லாமே 2014 மான்ஸ்டர் மேனுவலில் இருக்கின்றன. பெயரைப் பார்த்து இங்கிருக்கும் ஸ்டாட் பிளாக்கை (அந்த உயிரின் எண்கள் அடங்கிய கட்டத்தை) எடுத்து வையுங்கள். எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள். அந்நாளில் அள்ளிக் கொட்டுவார்கள்.

சரி, இதையெல்லாம் வாங்கினாலும் ஆட்டத்தைக் கெடுக்கும் சில விஷயங்கள் உங்கள் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கிலேயே இருக்கின்றன. குட்பெர்ரி ஸ்பெல் (மந்திரம்) போட்டால் பத்துப் பழம், ஒவ்வொன்றும் ஒருவருக்கு ஒருநாள் சாப்பாடு. முதல் லெவல் ஸ்பெல் அது! வெளிச்சம் தரும் லைட் கேன்ட்ரிப்புக்கு (எத்தனை முறையும் போடக்கூடிய சிறு மந்திரம்) செலவே கிடையாது. அவுட்லேண்டர் பின்னணி கொண்டவர் தன்னோடு ஐந்து பேருக்குத் தினமும் உணவும் நீரும் தேடித் தருவார். ஆனால் சுற்றுப்புறத்தில் அவை கிடைக்கவேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே உண்டு. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். குட்பெர்ரியைத் தடை செய்யச் சொல்லமாட்டேன், ட்ருயிட் (இயற்கை மந்திரவாதி) ஆடுபவர் முகம் வாடிவிடும். தினம் ஒரு ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) அதில் போகிறது என்பதே ஒரு விலைதான்.

இருட்டில் பார்க்கும் திறனான டார்க்விஷனையும் பலர் தவறாகவே ஆடுகிறார்கள். முழு இருட்டு அந்தத் திறன் உள்ளவர்களுக்கு மங்கல் வெளிச்சமாகத்தான் தெரியும், நிறம் தெரியாது, பார்த்துக் கவனிக்கும் சோதனைகளில் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது). அதாவது பாஸிவ் பெர்செப்ஷனில் (பகடை உருட்டாமலே கவனிக்கும் எண்ணில்) 5 குறையும். அதுவும் 60 அடிவரைதான். ட்ரோவுக்கும் டுவர்கருக்கும் 120 அடி. விளக்கில்லாமல் நடந்தால் எதிரி முதலில் பார்ப்பான், விளக்கோடு நடந்தால் அதற்கும் முன்பே பார்ப்பான்.

காசு செலவில்லாத இரண்டு சோர்ஸ்கள் சொல்கிறேன். கீழே உயிர்கள் எதைத் தின்கின்றன என்று யாராவது கேட்டால், ருமேனியாவின் மோவிலே குகையைப் படியுங்கள். 1986-இல் கண்டுபிடிக்கப்பட்டது, பல லட்சம் ஆண்டுகளாக மூடிக்கிடந்த அதில், சூரிய ஒளியே இல்லாமல் சல்ஃபைடையும் மீத்தேனையும் கொண்டு வாழும் பாக்டீரியாதான் உணவுச் சங்கிலியின் அடித்தளம். நகரம் வேண்டுமென்றால் துருக்கியின் நிலத்தடி நகரமான டெரின்குயு. உள்ளேயிருந்து உருட்டி மூடும் வட்டக் கல் கதவு, பல தளங்களுக்குக் காற்று இறங்கும் செங்குத்துத் துளைகள். எதிரி வந்தால் எதை அடைப்பான் என்று யோசித்துப் பாருங்கள், ஒரு செஷன் கிடைத்துவிடும்.

ஆக, இப்போதே வாங்க 'அவுட் ஆஃப் தி அபிஸ்', மேப்புக்காக 'டி' வரிசையின் பி.டி.எஃப்., பணம் மிஞ்சினால் 'வெயின்ஸ்'. முதலாவதை அப்படியே ஆட நினைத்தால் ஒரு சிக்கல் உண்டு. அது எல்லோரையும் நிராயுதபாணியாகச் சிறையில் வைத்துத் தொடங்கும். நான்கு லெவல் சேர்த்த சாமானைப் பறிகொடுக்க உங்கள் நண்பர்கள் சம்மதிப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சம்மதமில்லை என்றால், தப்பி வந்த கைதிகளை அவர்கள் வழியில் சந்திப்பதாக மாற்றிவிடலாம். அந்தச் சிறையில் கூட இருக்கும் பத்துப் பேரையும் ஒரு டி.எம். தனியாகச் சமாளிப்பது சிரமம், மூன்று நான்கு பேர் போதும். காளான் குழந்தை ஸ்டூலை வைத்துக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் பிடித்துவிடும். புப்பிடோவையும் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் நண்பர்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கக்கூடும்.